பழைய கிணற்றை மூடலாமா, மழைத்தண்ணீரை விடலாமா?

கேள்வி இதுதான். பாளையங்கோட்டையை ஒட்டிய புறநகரில் 5 சென்ட் மனை. 1,000 சதுர அடி காங்கிரீட் கூரை. பின்புறம் 8 அடி விட்டத்தில் 35 அடி ஆழமுள்ள பழைய கிணறு, பங்குனியிலேயே வற்றிவிடுகிறது. போர்வெல் தண்ணீர் உப்பு. கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கிணற்றை மூடிவிடச் சொல்கிறார்கள். மூடலாமா, அல்லது மாடித் தண்ணீரை உள்ளே விடலாமா? அடுப்படித் தண்ணீரையும் ஆர்ஓ கழிவையும் சேர்த்து விட்டால் என்ன?

மூடாதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டி விடுங்கள். அடுப்படித் தண்ணீரும் ஆர்ஓ கழிவும் கிணற்றுப் பக்கமே வரக்கூடாது.

மூடக்கூடாது என்பதற்குக் காரணம் பழம்பெருமை அல்ல. நம் பக்கம் பெரும்பாலும் கெட்டிப் பாறை நிலம். மேலே செம்மண்ணோ கரிசலோ, அதன் கீழே சரளும் சுக்கானும், அதற்கும் கீழே பாறை. தண்ணீர் தங்குவது சரளிலும் பாறையின் வெடிப்புகளிலும்தான். உங்கள் கிணற்றின் ஊற்றுக்கண் அந்த வெடிப்பின் வாய். இடிபாடு, பிளாஸ்டிக், பழைய மெத்தை என்று அதில் கொட்டினால் அழுக்கு மண்ணில் வடியாமல் நேரே வெடிப்பில் இறங்கி, நாலு வீடு தள்ளியுள்ள போரில் தலைகாட்டும். ஒருமுறை கொட்டிவிட்டால் அதை எடுக்க முடியாது. இதே கிணற்றைப் புதிதாக வெட்ட ஆகும் செலவைக் கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள், மூடும் எண்ணம் தானாகப் போய்விடும்.

இனி கணக்கு. 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். தட்டோடு உறிஞ்சுவது, தெறிப்பது, ஆவியாவது போகக் கைக்கு வருவது எண்பது சதவீதம். சமவெளிக்கு ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாஞ்சோலை மலையிலுள்ள ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளில் ஒரே நாளில் கொட்டுவதைச் செய்தியில் பார்த்துவிட்டு அந்த அளவை இங்கே போட்டுப் பார்க்கக்கூடாது. மலைக் கணக்கு வேறு. 700 என்றால் உங்கள் கூரையிலிருந்து வருவது சுமார் 52,000 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 400 லிட்டர் என்றால் 130 நாள் புழக்கம்.

உங்கள் கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் என்பது சுமார் 1,420 லிட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 3,700 லிட்டர் இறங்கும், கிணறு இரண்டரை அடி ஏறும். ஆனால் அது அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுற்றியுள்ள நிலத்தின் நீர்மட்டம் கீழே இருந்தால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். வீணாகிவிட்டதாக நினைக்க வேண்டாம், அது வெடிப்புகளுக்குள் பரவியிருக்கிறது. அதில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்காரரும் இறைப்பார் என்பது உண்மைதான். தெருவில் நாலைந்து வீடாகச் சேர்ந்து செய்தால்தான் பங்குனியில் வித்தியாசம் தெரியும். ஒற்றை வீடு செய்தால் முதலில் தெரிவது அளவில் வரும் மாற்றம் அல்ல, ருசியில் வரும் மாற்றம். உப்பளவு (டிடிஎஸ், லிட்டருக்கு மில்லிகிராமில்) 1,500 உள்ள 10,000 லிட்டரில், 30 அளவுள்ள மழைத்தண்ணீர் 10,000 லிட்டர் கலந்தால் 765 ஆகும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் விரும்பத்தக்க அளவு 500, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. ஆக, ஆர்ஓ இல்லாமலே சமையலுக்கு ஆகும் நிலைக்கு உப்பு இறங்கிவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தாமிரபரணியிலிருந்து வரும் பாளையங்கால்வாயில் தண்ணீர் விட்டதும் உங்கள் கிணறு ஏறுகிறதா? பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயும் குளமும் நிறைந்திருக்கும் மாதங்களில் மழை இல்லாத நாளிலும் மட்டம் உயர்ந்தால், கால்வாய்க் கசிவு கிணற்றுக்கு வருகிறது என்று பொருள். ஊருக்குள் ஓடும் கால்வாயில் வீட்டுக் கழிவும் சேர்கிறது. அப்படியானால் உப்பை விடக் கிருமிதான் முதல் கவலை. கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் மட்டம் வரை கயிறு விட்டு, வாரம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். ஒரு பருவம் குறித்தாலே கிணற்றின் போக்கு பிடிபடும்.

அடுத்தது செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் செப்டிக் டேங்க் அல்லது உறைகுழிக்கும் குறைந்தது 50 அடி வேண்டும். 5 சென்டில் உங்களுடையதை ஒரு மூலையில் ஒதுக்கிவிடலாம், பக்கத்து வீட்டுக்காரருடையது மதிலை ஒட்டி இருந்தால் என்ன செய்வீர்கள்? அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தொட்டியின் அடி பூசாமல் மண்ணாக விடப்பட்டிருந்தால் கழிவு நேரே நிலத்துக்குப் போகும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது நைட்ரேட்டையும் மலக் கிருமியான ஈ.கோலையையும் கட்டாயம் கேளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கழிவுக் கசிவோ உரமோ காரணம், புறநகர் மனையில் பெரும்பாலும் முன்னதுதான். ஈ.கோலை 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தம் செய்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் உதவாது.

தூர் வாருவது வைகாசி முதல் ஆவணிக்குள். இதில் ஒரு எச்சரிக்கை, உயிர் சம்பந்தப்பட்டது. நாள்பட்ட கிணற்றுக்குள் ஆளை இறக்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பது வழக்கம். விளக்கு அணைந்தால் காற்றில் போதிய ஆக்சிஜன் இல்லை. அணையாவிட்டால் எல்லாம் சரி என்று பொருளல்ல, நச்சு வாயுவை விளக்கு காட்டிக்கொடுக்காது. டீசல், பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி இறைக்கவே கூடாது, அதன் புகை சில நிமிடங்களில் ஆளை மயக்கிவிடும். மேலே வைத்த புளோவரால் கால் மணி நேரமாவது காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்று, அதன் பிறகே இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்றப் பின்னாலேயே குதிப்பவரும் சாகிறார். கிணற்று விபத்துகளில் இது அடிக்கடி நடப்பது.

இனி குழாய். 4 அங்குலக் குழாய் ஒன்று, கனமழையில் ஏறக்குறைய 900 சதுர அடிக் கூரைத் தண்ணீரைத் தாங்கும். உங்களுக்கு இரண்டு இறக்கம் வைத்து, கீழே ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். மாடியில் தண்ணீர் வாயில் கம்பிவலைக் குமிழ் மாட்டுங்கள். தட்டையான சல்லடை வைத்தால் வேப்பிலையும் முருங்கை இலையும் ஒட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் அடைத்துவிடும். அப்புறம் மாடியே குளம்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது முதல் மழையில். பல மாதத் தூசி, பறவை எச்சம், இலைச்சருகு எல்லாம் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இறங்கிவிடும். உங்கள் கூரைக்கு அது 100 முதல் 200 லிட்டர். கடையில் முதல் மழை ஒதுக்கி என்று விற்கும் மூன்றடி நீள 4 அங்குலக் குழாயில் எட்டு லிட்டர்கூடப் பிடிக்காது. அதை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். எளிய வழி இது: இறங்கு குழாயின் அடியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு). நேர் கீழே போகும் கால் வாறுகாலுக்கு (வடிகாலுக்கு) மேலே முடிய வேண்டும், அதன் நுனியில் திருகிக் கழற்றும் எண்ட் கேப். பக்கவாட்டுக் கால் வடிகட்டிக்கு. கேப்பைக் கழற்றி வைத்தால் தண்ணீர் வாறுகாலுக்குப் போகும். மாட்டினால் கால் நிரம்பிப் பக்கவாட்டில் திரும்பும். கேப்பில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிட்டால் மழை ஓய்ந்ததும் தேங்கியது சொட்டி வடிந்துவிடும், கொசுவும் வைக்காது. கனமழை என்றால் பத்து நிமிடம், தூறல் என்றால் அரை மணி நேரம் விட்டு மாட்டுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்துத் தெளிந்த பிறகு மாட்டுவது இன்னும் நல்லது. வெளியூர் போனால் கேப்பைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மழை வீணாவதில் நட்டமில்லை, அழுக்கு இறங்கினால்தான் நட்டம். சித்திரையில் வரும் கோடை மழையை முழுதாகவே விட்டுவிடலாம், கூரை அப்போதுதான் மிக அழுக்காக இருக்கும்.

தட்டட்டியில் (மொட்டைமாடியில்) வத்தல் வடகம் காயப்போடுவதால் ஒன்றும் கெடாது. நாயைக் கட்டி வைப்பது, சோப்புப் போட்டுத் துணி துவைப்பது, தொட்டி கழுவிய ஆசிட் தண்ணீரை அங்கேயே ஊற்றுவது, இவை கூடாது. தார் பூசிய கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை இவற்றின் தண்ணீரைக் குடிக்கும் கிணற்றில் விட வேண்டாம்.

வடிகட்டித் தொட்டி செங்கல்லில், உள்ளளவு 3 அடிக்கு 3 அடி, ஆழம் மூன்றரை அடி. அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி ஓர் அடி உயரம். வெளியேறும் 4 அங்குலக் குழாயின் துளையிட்ட நுனி இந்த ஜல்லிக்குள் கிடக்க வேண்டும். அதன் மேல் முக்கால் அங்குல ஜல்லி அரை அடி. அதன் மேல் நைலான் வலை இரண்டு மடிப்பு. வலைக்கு மேல் பெருமணல் முக்கால் அடி. மணலுக்கு மேல் மறுபடி ஒரு வலை, இரண்டங்குலத்துக்கு முக்கால் ஜல்லி. இந்த மேல் ஜல்லி இல்லாவிட்டால் தண்ணீர் விழும் இடத்தில் மணல் குழிந்து, வடியாமலே ஒரு ஓட்டை வழி நேரே இறங்கும். மிச்சம் ஓர் அடி காலியாக இருக்கட்டும். அந்தக் காலி இடத்தில், மேலிருந்து நாலு அங்குலத்தில், வாறுகாலுக்கு ஒரு வழிந்தோடு குழாய். மணல் அடைத்துக்கொண்ட நாளில் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் காப்பது அதுதான்.

கொத்தனார்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, அடுக்கைத் தலைகீழாகப் போடுவது. மணலை அடியில் போட்டு ஜல்லியை மேலே போட்டால் ஒரே மழையில் மணல் முழுவதும் கிணற்றுக்குள் போய்விடும். பக்கத்தில் நின்று போடச் சொல்லுங்கள். எம்-சாண்ட் போடுவதானால் கழுவிய தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும், அதன் கல்தூள் வலையை அடைத்துவிடும். அடுப்புக்கரி ஓர் அடுக்கு போடச் சொல்வார்கள். தேவையில்லை, ஒரு பருவத்தில் நொறுங்கிக் கரித்தூளாகக் கிணற்றில் இறங்கும்.

தொட்டியிலிருந்து கிணற்றுக்குப் போகும் குழாய்க்குப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் போதும். கிணற்றுச் சுவருக்குள் நுழைந்ததும் ஒரு எல்போ போட்டு, குழாயை மழைக்கால நீர்மட்டத்துக்கு அருகில் வரை இறக்கிச் சுவரோடு கிளாம்ப் அடித்துவிடுங்கள். 30 அடி உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டினால் அடியில் கிடக்கும் வண்டல் கலங்கும், உறையில்லாத மண்சுவர் சரியும். கிணற்று வாயில் கம்பிவலை, அதன்மேல் கொசுவலை. மலேரியாக் கொசுவில் ஒரு வகை கிணற்றிலும் முட்டையிடும்.

முதல் அடைமழை ஓய்ந்த பிறகு குளோரின். 20 அடி தண்ணீர் நிற்கிறதென்றால் 28,500 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் சுமார் 70 கிராம் பிளீச்சிங் பவுடர், புதிதாக உடைத்த பாக்கெட்டாக இருக்க வேண்டும். ஈரம் பட்டுக் கட்டிதட்டிப்போனதில் வீரியம் இருக்காது. வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அலசிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை வெளியே கொட்டிவிடுங்கள், அது கிணற்றில் போனால் கடினத்தன்மை கூடும். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், இதைப் பார்க்கச் சிறு சோதனைப் பெட்டி கிடைக்கிறது. மிஞ்சவில்லையென்றால் அழுக்கு அதிகம் என்று பொருள், இன்னும் பாதி அளவு போடுங்கள். இதெல்லாம் செய்தாலும் குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை, தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவே. புரட்டாசி முதல் வாரத்தில் மாடி, குழாய் வாய், தொட்டி மூன்றையும் பாருங்கள். மேல் ஜல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு வெட்டிய குழிகளில் பல இன்று மண்மூடிக் கிடக்கின்றன. காரணம் அந்தத் திட்டம் அல்ல. இரண்டடிக் குழியில் உடைசெங்கல்லைப் போட்டு மூடிவிட்டு, பிறகு யாரும் திறந்தே பார்க்கவில்லை.

போரில் நேரடியாக விடலாமா என்றும் கேட்பார்கள். புழக்கத்தில் உள்ள போரில் வேண்டாம். வண்டல் ஒருமுறை பாறை வெடிப்பில் அடைத்துக்கொண்டால் வாரி எடுக்க வழியில்லை. கிணறு இருக்கும் வீட்டில் அந்த யோசனையே எதற்கு?

இதே முறையை நம் பக்கம் எல்லா ஊருக்கும் அப்படியே சொல்ல மாட்டேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி போன்ற ஆற்றுப்பாசன ஊர்களில் கால்வாய் ஓடும்போது கிணறு தானே நிறையும். அங்கே கூரைத் தண்ணீரை மூடிய தொட்டியில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொள்வதே லாபம். கரிசல் மண்ணில் வெறும் உறிஞ்சுகுழி வெட்டினால் களி ஊறி இறுகித் தண்ணீர் தேங்கும், கொசுதான் மிச்சம். கரிசலைத் தாண்டிச் சரள் வரை குழி இறங்க வேண்டும். திசையன்விளைப் பக்கச் செம்மணல் தேரியில் நேர்மாறு, மணல் அள்ளிக் குடித்துவிடும். ஆயன்குளம் படுகையில் 2021 வெள்ளத்தை வாரக்கணக்கில் வாங்கியும் நிரம்பாத கிணற்றைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் வந்து பார்த்து, நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறைக் குகைகளே காரணம் என்றார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் வேகமாகப் போகும், அழுக்கும் அதே வேகத்தில் போகும். வெள்ளநீரை வடிகட்டாமல் திருப்பிவிடுவதைக் கொண்டாடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். உவரி போன்ற கடலோர ஊர்களில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு அதே விகிதத்தில் ஏறும். அங்கே போரை ஆழப்படுத்துவது உப்பைத் தேடிப் போவது.

கடைசியாகக் கழிவுநீர். அடுப்படித் தண்ணீரில் எண்ணெய், சோற்றுப் பருக்கை, சோப்பு எல்லாம் இருக்கிறது. மணல் தொட்டி இதைத் தாங்காது, ஒரே வாரத்தில் கொழகொழவென்று அடைத்து நாறும். அங்கணத்திலிருந்து வரும் குழாயில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டி, நடுவில் தடுப்பு, தடுப்பின் அடிப்பக்கம் மட்டும் திறப்பு. எண்ணெய் முதல் அறையில் மிதந்து நிற்கும், வாரம் ஒருமுறை வழித்து எடுக்க வேண்டும். அதைத் தாண்டிய தண்ணீரோடு குளியல் தண்ணீரும் சேர்ந்து நாளுக்கு 250 லிட்டர் வரும். 10 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் அடி பூசிய தொட்டி கட்டி, முக்கால் ஜல்லி நிரப்பிக் கல்வாழையும் சேம்பும் நட்டால் தண்ணீர் அதில் இரண்டரை நாள் தங்கித் தெளியும். வெளியே வருவதைத் தென்னைக்கும் வாழைக்கும் விடுங்கள், பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். தெளியாத கழிவுநீரை ஒரு நாளுக்கு மேல் வாளியிலோ தொட்டியிலோ பிடித்து வைத்தால் நாறும். உங்கள் மண் கரிசலானால் துணி துவைத்த தண்ணீரைத் தொடர்ந்து விடாதீர்கள், சோப்புத்தூளின் சோடியம் களியை இறுக்கித் தண்ணீர் இறங்காமல் செய்துவிடும்.

ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் கொடுத்தால் மூன்று லிட்டர் தள்ளும். உள்ளே போன தண்ணீரின் உப்பளவு 1,000 என்றால் தள்ளப்படுவதில் 1,300க்கு மேல். அதைக் கிணற்றில் விட்டால் இறைத்த உப்பையே திரும்ப ஊற்றுகிறோம். கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கூரைத் தண்ணீர் இரண்டு பருவம் இறங்கிய பிறகு கிணற்றை மறுபடி சோதித்து, உப்பு 500க்குப் பக்கத்தில் வந்து ஈ.கோலையும் இல்லையென்றால் அந்த இயந்திரத்தைக் கழற்றிவிடலாம்.